ஒன்றின் மேல் ஒன்று

மச்சினன் போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்ப்பதே பாதிச் சாவு. அதிலும் விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு மேஜை, மேக்குக்கு ஒரு மேஜை என்றால் இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடுதான். மூடுகிற குறி ஒன்றில் வலது மூலை, இன்னொன்றில் இடது மூலை. அங்கே கல்யாண ஆல்பம் போடுகிற அவருக்குக் கை பழகியது விண்டோஸில். மேக்கில் உட்கார்ந்தால் அந்தக் கைக்கு வாதம் வந்த மாதிரி ஆகிவிடும். பழையதிலேயே முடித்துத் தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். கலர் மேக்கில்தான் சரியாக வரும் என்று மச்சினன் ஒரே பிடியாக நின்றான்.

ஒரு கல்யாணத்தை இரண்டு கேமராவில் எடுத்திருந்தார்கள், பெண்வீட்டுக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று. இரண்டு கேமராப் படங்களையும் ஒரே பெயரில் ஃபோல்டர் ஆக்கி, ஒன்றின் மேல் ஒன்றைப் போடுவது அவர் வழக்கம். விண்டோஸ் இரண்டையும் கலந்துவிடும். மேக் ஏதோ கேட்டது. இதுவும் அதுதானே என்று சரி தட்டினார். புது ஃபோல்டர் பழையதை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. கேமரா கார்டை அழித்து வேறு கல்யாணத்துக்குக் கொண்டுபோயாயிற்று. கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியிலும் இல்லை. மீட்டுத் தருகிற கடைக்காரனும் கையை விரித்துவிட்டான்.

போனது பெண்வீட்டுப் படங்கள். பெண்ணின் அப்பா போன வாரம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி இப்போது ஸ்டுடியோ பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். போட்டோ என்றாலே ஓடுகிற மனுஷன் மகள் கல்யாணத்தன்றைக்கு மட்டும்தான் நின்றாராம். ஒரே ஒரு படம் பெரிதாக்கித் தந்தால் போதுமாம்.

மச்சினன் ஆல்பக்காரரின் காதோரம் வந்தான்.

"மிஷின் மேல பழியப் போடுங்க மச்சான். அது வாயத் திறக்காது."

அவருக்கும் ஆசைதான். அந்தச் சனியனை அவர் என்றைக்கு நம்பினார்? ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்ல வரவில்லை.

"நான்தாம்மா அழிச்சேன். தெரியாமத்தான். ஆனா நான்தான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மேக்கின் அகலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு பெரிய பொட்டி. ஒரு மூஞ்சிக்கு இடமில்லையா?"

மிஞ்சிய மாப்பிள்ளை வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். மூடப் போனால் கை பழைய வலது மூலைக்கே போய் ஏமாந்து திரும்பியது. பந்தியில் இல்லை, வாசலில் இல்லை. கடைசியில் ஒரு கூட்டத்துக்குப் பின்னால், முதுகு காட்டியபடி ஒரு வெள்ளைச் சட்டை.

அவள் எழுந்து வந்து திரையைத் தொட்டாள்.

"அவர்தான். அந்தத் தோள் அவரோடதுதான்."

தலையசைத்தார்.

"இந்த மிஷின்ல அவரக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்ப முடியாதாண்ணே?"