இடதுபக்கக் கதவு

ஜெக்கரியா பின்சீட்டின் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். இனி இழுத்தால் பிய்ந்துவிடும் என்கிற இடத்தில் அது நின்றது. பெல்ட்டின் அந்த அடிப்பகுதியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வண்டியின் சொந்தக்காரர் குஞ்சிதபாதம், வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், இடுப்பில் கைவைத்தபடி இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், வண்டி வாங்க வந்தீங்களா, வாசன புடிக்க வந்தீங்களா?"

"வெள்ளத்துல நின்ன வண்டின்னா இங்கதாங்க தெரியும். மேலயெல்லாம் கழுவிடுவாங்க. பெல்ட்டோட அடியில ஒட்டுன சேத்த யாரும் கழுவ மாட்டாங்க."

ஜெக்கரியாவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. குடவாசலிலிருந்து வெளிநாட்டுச் சபர் போய், ரியாத்தில் ஒரே வீட்டில் இருபத்தாறு வருஷம் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டில் எப்போதும் ஒரே பெயர் கொண்ட கார்தான். பழைய மாடல் போய்ப் புது மாடல் வரும், பெயர் மாறாது. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விடுங்கள். அகலமும் இல்லாமல் குறுகலும் இல்லாமல் ஒரு குடும்பம் போய்வர அளவெடுத்துச் செய்த வண்டி. அதில் ஐந்து மாடல் ஓட்டிவிட்டார். கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே எந்த வருஷத்து வண்டி என்று சொல்லிவிடுவார். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தக் கார் நம்மூருக்கும் வந்தது. லீவில் வந்திருந்தவர் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முதன்முதலாக அதைப் பார்த்து, நின்ற இடத்திலேயே சலாம் சொல்லாத குறைதான்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. ரியாத்தில் முதலாளியம்மா ஏறும்போதும் இறங்கும்போதும் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு தடவையும் நினைப்பார், இதே காரில், இதே இடத்தில், ஒரு நாள் பானு உட்கார வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அவர் அந்தக் கதவை எத்தனை ஆயிரம் தடவை திறந்திருப்பாரோ, அத்தனை தடவை நினைத்திருப்பார்.

அந்தப் பானு என்கிற ஹமீதா பானு இப்போது குஞ்சிதபாதம் வீட்டு வேப்பமர நிழலில் கைத்தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது முட்டியில் தகடு வைத்தார்கள். கால் அதன்பிறகு மடங்கவில்லை. நீட்டினது நீட்டினபடி நிற்கும். ஆட்டோவில் அந்தக் காலை வெளியே நீட்டிக்கொண்டுதான் போக முடியும், பஸ்ஸை நினைத்தே பார்க்க முடியாது. பட்டுக்கோட்டையில் இருக்கும் தங்கை நஜ்மாவின் வீட்டுக்குப் போயே மூன்று வருஷமாகிறது. முதலில் வலியால் போகாமலிருந்தாள், பிறகு போகாமலிருப்பதே பழகிவிட்டது. வாசல் கதவுக்கு அப்பால் ஊர் ஒன்று இருக்கிறது என்பதையே மறந்தவள் மாதிரி இருந்தாள். ஜெக்கரியா கணக்கு முடித்து ஒரேயடியாகத் திரும்பி வந்து எட்டு மாதம். வந்ததிலிருந்து அவருக்கு ஒரே வேலை, அவளை அந்த வாசலுக்கு வெளியே கொண்டுவரும் வண்டியைக் கண்டுபிடிப்பது. துபாயிலிருந்து மகன் பாசித், "புதுசே எடுங்கத்தா, நான் பாத்துக்குறேன்" என்றான். இவருக்குப் புதுசு, பழசு என்பதெல்லாம் அப்புறம். எதில் அவள் வலியில்லாமல் உட்காருகிறாளோ அதுதான் வண்டி.

அதற்காகத்தான் துரைக்கண்ணுவின் வாடகை அம்பாசிடரில் அவளைப் பின்னால் காலை நீட்டிப் படுக்க வைத்து, கும்பகோணம்வரை கூட்டிவந்திருந்தார்.

குஞ்சிதபாதத்தின் வண்டி, அந்தக் காரில் நம்மூருக்கு வந்த முதல் மாடல். பன்னிரண்டு வயசு. இன்ஜின் பூனை மாதிரி இருந்தது. ஓட்டிப்பார்க்கிறேன் என்று சொல்லி ஜெக்கரியா கம்பீரமாகப் போய் முன்பக்க இடதுகதவைத் திறந்தார்.

"பாய், ஸ்டியரிங் அந்தப் பக்கம்."

எட்டு மாதமாகியும் இந்தப் பழக்கம் போகவில்லை. அங்கே எல்லாம் இடதுபக்கத்து ஸ்டியரிங். கதவைச் சாத்திவிட்டு அசடு வழியச் சுற்றிவந்தார். பானுவுக்குப் பின்கதவைத் திறந்து, தலை இடிக்காமல் கையை வைத்து, ஏற்றி உட்கார வைத்தார். காலைக் குறுக்கே நீட்டிக்கொள்ளச் சொன்னார். தன் இடத்தில் உட்கார்ந்ததும் கை தானாகப் போய் உள்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டது. அதுவும் அந்த வீட்டுப் பழக்கம்தான். பெண்கள் ஏறினால் கண்ணாடி கூரையைப் பார்க்க வேண்டும் என்று சேர்ந்த முதல் வாரமே மூத்த டிரைவர் சொல்லிவிட்டார். பின்னால் வருகிற வண்டிகளைப் பக்கக் கண்ணாடிகளில் பார்த்துக்கொள்ள வேண்டியது.

மகாமகக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள்.

"எப்படி இருக்கு பானு?"

"நல்லா இருக்கு மச்சான்."

இறங்கும்போது அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்ததைப் பார்த்தார். சீட்டு தரையோடு தரையாக இருந்தது, கிணற்றிலிருந்து ஏறுகிற மாதிரி ஏறினாள். "யோசிச்சுச் சொல்றோம்" என்று குஞ்சிதபாதத்திடம் விடைபெற்றார்.

இந்த 'நல்லா இருக்கு' அவருக்குப் புதிதில்லை. ரியாத்திலிருந்து அவர் அனுப்பிய கைக்கடிகாரம் நல்லா இருந்தது. மிக்ஸி நல்லா இருந்தது. கம்பளிகள் நல்லா இருந்தன. திரும்பி வந்து அலமாரியைத் திறந்தால், கடிகாரம் அட்டைப்பெட்டியிலேயே இருந்தது, அவள் கைக்கு அது இரண்டு சுற்று பெரிசு. மூன்று கம்பளிகள் பிரிக்கப்படாமல் கிடந்தன. குடவாசல் வெயிலுக்குக் கம்பளி அனுப்பிய தன்னை என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கால் ஒடிந்ததைக்கூட அவள் சொல்லவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துப் பாசித் சொல்லித்தான் தெரியும். அந்தப் பன்னிரண்டு நாளில் இரண்டு தடவை போனில் பேசியிருக்கிறார். இரண்டு தடவையும் அவள் நல்லாத்தான் இருந்தாள்.

அடுத்த வாரம் தஞ்சாவூர் ஷோரூம். அதே காரில் புத்தம்புது மாடல், வெள்ளைக் கலர். மதிவதனி என்கிற பெண் இருவருக்கும் ஜூஸ் கொடுத்து, சூப்பராக விளக்கினாள். ஏசி பின்னாலும் வருமாம். கதவைச் சாத்திப் பார்த்தார் ஜெக்கரியா. சத்தம் சுத்தமாக இருந்தது. மனசு கொஞ்சம் ஆடிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். முதலாளியம்மாவுக்கு அவர் கடைசியாக ஓட்டிய வண்டியும் இதே வெள்ளைதான்.

மதிவதனி முன்னால் உட்கார்ந்துகொள்ள, பானு பின்னால். புது ஆற்றங்கரைச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. நடவு முடிந்த வயல்கள் இரண்டு பக்கமும் பச்சையாக ஓடின.

"சார், கண்ணாடி மேல பாத்துட்டிருக்கு" என்று சொன்ன மதிவதனி, அவர் பதில் சொல்வதற்குள் கையை நீட்டி அதை இறக்கிவிட்டாள்.

கண்ணாடியில் பானுவின் முகம் வந்தது. முக்காட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்திருந்தாள். கண்கள் இறுக மூடியிருந்தன. சாலையில் சின்னதாய் ஒரு குலுக்கல் வந்தபோது நெற்றி சுருங்கி, மூக்கு விடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை என்று நம்பியிருந்த ஒரு முகம் அது. ஜெக்கரியாவுக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். இந்த முகத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

வண்டியை ஓரங்கட்டினார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"எப்படி இருக்கு பானு?"

கண்ணாடியில் அந்தக் கண்கள் திறந்தன. முக்காட்டை வாயிலிருந்து எடுத்து, நீவிவிட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கு மச்சான்."

ஷோரூமில் முன்பணம் கட்டத் தயாராக வைத்திருந்த செக்கைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காமலே வந்துவிட்டார். மதிவதனிக்கு முகம் விழுந்துவிட்டது, பாவம், அவள் செய்த உதவி அவளுக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து அசர் தொழுதுவிட்டு, அவளருகே வந்து உட்கார்ந்தார். அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாங்கி அவர் தேய்க்கத் தொடங்கினார்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன?"

அவள் சேலையை முட்டிக்கு மேல் கொஞ்சம் ஒதுக்கிக்கொடுத்தாள்.

"அந்த வாட்ச்சு பெருசுன்னு சொல்லியிருக்கலாம். கம்பளி எதுக்குன்னு கேட்டிருக்கலாம். நான் என்ன, திட்டவா போறேன்?"

"வாரத்துக்கு அஞ்சு நிமிசம் பேசுவீங்க" என்றாள் பானு. "அதுல நான் பெருசு, சிறுசு, வலிக்குதுன்னு சொல்லிட்டுப் போனை வச்சிட்டேன்னு வைங்க. மிச்ச நாளெல்லாம் நீங்க அங்க ஒத்தையா உக்காந்து என்ன பண்ணுவீங்க? நல்லா இருக்குன்னு சொன்னா நிம்மதியா வண்டி ஓட்டுவீங்க. அடுத்தவங்க வீட்டுப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு ஓட்டுற ஆளு."

"இப்பதான் வந்துட்டேனே."

"வந்துட்டீங்க. வாயி அதுபாட்டுக்குச் சொல்லுது."

ஜெக்கரியா இன்னும் கொஞ்சம் தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார். அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அவர் அனுப்பியதெல்லாம் போய்ச் சேரவில்லை. அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று அவள் அனுப்பியது மட்டும் வாராவாரம் தவறாமல் வந்து சேர்ந்திருக்கிறது. தைலம் காய்ந்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்றாவது வண்டி குடவாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கால்நடை மருத்துவர் செழியனுடையது. அவருடைய தாத்தா பண்ணையாளாக வேலை பார்த்த வயலில் இப்போது எட்டு மா நிலம் அவர்கள் பெயரில் இருக்கிறது. செழியனுக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்திருந்தது. அங்கே ஆட்களைவிட மாடு அதிகமாம். வண்டி இரண்டாவது மாடல், ஐந்து வருஷம் ஓடியது. கொஞ்சம் உயரமாக, மூக்கு மழுங்கி, அந்தப் பெயருள்ள வண்டிகளிலேயே லட்சணம் குறைந்தது. ரியாத்தில் இந்த மாடல் வந்தபோது முதலாளி வீட்டில் எல்லோரும் முகம் சுளித்தார்கள், ஜெக்கரியா உட்பட. களத்தில் நின்றிருந்த அதன்மேல் வைக்கோல் தூசி படிந்திருந்தது. பெல்ட்டை இழுத்து முகர்ந்தார். மாட்டு மருந்து வாசனை வந்தது, சேறு இல்லை.

"ஓட்டிப் பாருங்க சார்" என்று செழியன் சாவியைக் கொடுத்தார்.

பானு கைத்தடியோடு அம்பாசிடரை விட்டு இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளைப் பின்னால் எப்படி உட்கார வைப்பது, காலை எந்தப் பக்கம் நீட்டச் சொல்வது என்ற யோசனையில் ஜெக்கரியா நேரே போய் முன்பக்க இடதுகதவைத் திறந்தார். ஒரு காலைத் தூக்கிய பிறகுதான் எதிரே ஸ்டியரிங் இல்லை என்பது உறைத்தது. சட்டென்று காலை இறக்கித் திரும்பினார்.

பானு அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். திறந்த கதவைப் பார்த்தாள், அதைப் பிடித்திருக்கும் அவரைப் பார்த்தாள். முகத்தில் லேசாக வெட்கம் வந்துபோனது. கைத்தடியை அவர் கையில் கொடுத்துவிட்டு, முதுகைத் திருப்பி, நாற்காலியில் உட்காருவதுபோல அந்த சீட்டில் உட்கார்ந்தாள். தாழ இறங்க வேண்டியிருக்கவில்லை, சீட்டு அவள் இடுப்பின் உயரத்துக்கே இருந்தது.

முன்னால் இல்லை பானு, பின்னால் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஏன் பின்னால் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். பெண்கள் பின்னால்தான் உட்காருவார்கள். யார் வீட்டுப் பெண்கள்? மூன்று வண்டியையும் முகர்ந்து பார்த்து, தட்டிப் பார்த்து, பின்சீட்டை விரற்கடையால் அளந்து பார்த்தவர், முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரலாம் என்பதை ஒரு தடவையும் நினைக்கவில்லை. ஜெக்கரியாவுக்குத் தன்மேலேயே கோபமும் சிரிப்பும் வந்தன. கதவைத் தவறித் திறந்ததை அவர் சொல்லவில்லை. இனிமேலும் சொல்லப்போவதில்லை.

குனிந்து சீட்டுக்கு அடியிலிருந்த கம்பியை இழுத்து, சீட்டைப் பின்னால் தள்ளினார். அது கடைசிவரை போனது. பானு இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி உள்ளே வைத்தாள். கால் நேராக, முழுசாக, எங்கேயும் இடிக்காமல் நீண்டது.

"எப்படி இருக்கு பானு?"

அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடினாள். சீட்டில் இப்படியும் அப்படியும் அசைந்து பார்த்தாள்.

"இடுப்புல என்னமோ குத்துது" என்றாள்.

ஜெக்கரியா கதவைப் பிடித்தபடி இன்னும் குனிந்தார்.

"வெயில் நேரா மூஞ்சில அடிக்குது. கதவு ரொம்பக் கனம், என்னால சாத்த முடியாது. மாட்டாஸ்பத்திரி வாட வேற."

செழியன் பதறிப்போனார். "அம்மா, அதெல்லாம் ஒரே நாள்ல சரி பண்ணிடலாம்மா, சீட்டுக் கவரு மாத்தினா…"

"இருங்க தம்பி" என்றார் ஜெக்கரியா. "அவங்க சொல்லட்டும்."

கதவை அவரே சாத்தினார். செழியன் பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி களத்திலிருந்து இறங்கி வாய்க்கால் ஓரமாகப் போனது. வழக்கப்படி கை கண்ணாடிக்குப் போனது. அதில் செழியனின் கவலைப்பட்ட முகம்தான் தெரிந்தது. கையை இறக்கி கியரின்மேல் வைத்தார்.

"மேடு வந்தா முன்னாடியே சொல்லுங்க" என்றாள் பானு. "குலுக்குனா உயிர் போவுது."

"சொல்றேன்."

சற்றுத் தூரத்தில் மதகுப் பாலம் தெரிந்தது. நன்றாகவே உயர்ந்த மதகு. "மேடு வருது பானு" என்றார். பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடிய அவள் கை, கியரின்மேல் இருந்த அவர் கையின்மேல் வந்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

வண்டி மேட்டில் திணறியது. இன்ஜின் கடகடவென்று அடித்தது.

"சார், செகண்டு போடுங்க" என்று செழியன் பின்னாலிருந்து சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "சார், கியரு" என்றார்.

இருபத்தாறு வருஷம் வண்டி ஓட்டியவருக்கு அது தெரியாதா? ஜெக்கரியா கையை அசைக்கவில்லை. வண்டி தேர்டு கியரிலேயே உடம்பெல்லாம் நடுங்க, மெள்ள மெள்ள மதகின்மேல் ஏறிக்கொண்டிருந்தது.