எட்டில் மூன்று பங்கு

கேக் கடையில் நாள் முழுக்கக் கத்தி பிடிப்பவன், ஒரு பங்குக் கணக்கில் போய் ஏமாறுவான் என்று யார் கண்டது!

விவாகரத்துப் பத்திரம் எழுதிய அன்று, மகளின் விடுமுறையை எப்படிப் பிரிப்பது என்ற பேச்சு வந்தது. லீவுக்கு லீவு நாள் கூடும், குறையும் என்பதால் வக்கீல் பங்காகவே கேட்டார்.

"மூணுல ஒண்ணு, இல்லன்னா எட்டுல மூணு. ரெண்டுக்கும் அவங்க சம்மதிச்சிட்டாங்க. உங்களுக்கு எது வேணும்?"

எட்டு என்றாலே அவனுக்கு இளக்காரம். கடையில் கேக்கை எட்டாகப் போட்டால் துண்டு நோஞ்சானாக நிற்கும்; மூன்றாகப் போட்டால் தட்டே நிறைந்துவிடும். நோஞ்சான் துண்டு மூன்று சேர்ந்தால் எவ்வளவு என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். மனுஷன் யோசிக்கவில்லை. பெரிய சாமர்த்தியசாலிபோல "மூணுல ஒண்ணு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டான்.

இந்த முறை லீவு இருபத்துநாலு நாள். மகள் எட்டு நாள் வந்து தங்கினாள். அந்த எட்டு நாளும் வீடு வீடாக இருந்தது. மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்தால் பேச்சுத் துணைக்கு டிவிதான். அதையும் அவனேதான் போட வேண்டும்.

கடைசி நாள் காலையில் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு பின்னங்களில் எது பெரியது என்று கண்டுபிடிக்கும் கணக்கு. பாடத்தை முடித்தவள், ஓரத்தில் தானாக ஒரு கணக்கைப் போட்டாள். குறுக்கே பெருக்கினாள்: ஓரெட்டு எட்டு, மும்மூன்று ஒன்பது. பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பா, எட்டுல மூணுதான் பெருசு. ரெண்டுல எது வேணும்னு உங்களக் கேட்டாங்கன்னு அம்மா சொன்னாங்களே. நீங்க ஏன் சின்னத எடுத்தீங்க?"

"தெரியாமப் போச்சும்மா."

"தினமும் கேக் வெட்டுறீங்க. உங்களுக்கா தெரியாது?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தன்னை வேண்டாம் என்றுதான் குறைத்து எடுத்தான் என்று பிள்ளை நினைக்கிறாள். அதை எந்தக் கணக்குப் போட்டு இல்லையென்று காட்டுவது? அடுத்த அறைக்குப் போய், மானம் மரியாதை பார்க்காமல் அவள் அம்மாவுக்குப் போன் போட்டான்.

"எட்டுல மூணாவே வச்சுக்கலாமா? இன்னும் ஒரு நாள் கூட வரும்."

"எனக்கு ஒண்ணுமில்ல. அவளையே கேளுங்க."

ஓடிவந்து கேட்டான். மகள் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கியிருந்தாள்.

"ஒரு நாள்தானேப்பா," என்றாள், அவனுக்கு ஆறுதல் சொல்வதுபோல. "பரவால்ல, விடுங்க."