வண்ணம் காயும் வரை

சாப்பாட்டு மேஜையிலிருந்த பித்தளைக் கூஜாவைப் பதினேழு நாள் யாராலும் அசைக்க முடியவில்லை. அதை வரைந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். ஐம்பத்திரண்டு வயதில் எண்ணெய் வண்ணம் பழக ஆரம்பித்திருந்தாள். புதன்தோறும் நூலக மாடியில் வகுப்பு. பகலெல்லாம் கண்ணை நன்றாகத் திறங்கள் என்று பிறருக்குச் சொல்பவளிடம், கண்ணை இடுக்கினால்தான் வெளிச்சமும் இருட்டும் தனித்தனியே தெரியும் என்றார், அவளைவிடப் பத்து வயது இளையவரான ஓவிய மாஸ்டர். நிழலுக்குக் கறுப்பைத் தொடக் கூடாது, நீலத்தையும் பழுப்பையும் குழைக்க வேண்டும் என்றும் சொன்னார். ஒரு கூஜா, இரண்டு எலுமிச்சை, ஒரு கத்தி. வீட்டில் வரைந்து முடித்து, தூரிகையைக் கழுவிவிட்டு வந்து மேஜையை ஒழிக்கப் போனாள். எதுவும் இம்மி நகரவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் ஜாக்கி வைத்துப் பார்த்தார். ஜாக்கியின் கைப்பிடிதான் வளைந்தது. கூஜாவைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். எலுமிச்சை வாடவில்லை. பதினெட்டாம் நாள் காலை படத்தில் விரல் வைத்தாள், ஒட்டவில்லை. கூஜா கையோடு வந்தது. மாஸ்டரிடம் சொன்னாள். "காயற வரைக்கும் அப்படித்தாம்மா இருக்கும். அவசரம்னா எண்ணெயைக் குறைச்சுக்குங்க" என்றுவிட்டு அவர் அடுத்தவர் படத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு ஒருமுறை, ஊருக்குக் கிளம்பவிருந்த நாத்தனாரின் செருப்பை வரைந்து வைத்தாள். வெறுங்காலோடு போக மாட்டேன் என்று நாத்தனார் ஒரு மாதம் தங்கினாள். அதிலிருந்து, கேட்காமல் எதையும் வரைவதில்லை என்று வீட்டில் முடிவானது.

ஏழாம் வருடம் கணவரின் நுரையீரல் கெட்டது. மருத்துவர் வாரக்கணக்கில் கெடு சொன்னார். வீடு திரும்பியதும் கணவர், "என்னை வரை" என்றார்.

"எனக்கு ஆளுங்கள வரைய வராதுங்க. பாத்திரம் பண்டம்தான்."

"என்னையும் ஒரு பாத்திரம்னு நினைச்சுக்கோயேன். ஆடாம அசையாம உக்காந்துக்கறேன்."

ஜன்னலோர நாற்காலியில் அவரை உட்காரவைத்து மூன்று நாள் வரைந்தாள். கடைசித் தீற்றலோடு இருமல் நின்றது. பசி, தூக்கம், வலி எதுவும் இல்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. வாய் மட்டும் அவளுக்குச் சரியாக அமையவில்லை, அதனால் பேச்சு இருந்தது. தினமும் கடைக்குப் போகுமுன் படத்தின்மேல் கசகசா எண்ணெயை மெல்லிசாகப் பூசினாள். அது லேசில் காயாது. இப்படி இரண்டு வருடம் நாலு மாதம். மாலையில் அவள் கடையில் நடந்ததைச் சொல்வாள், அவர் தெருவில் நடந்ததைச் சொல்வார்.

ஒரு மாலை, "போதும், காயவிடு" என்றார்.

"ஏன், இங்க என்ன குறை உங்களுக்கு?"

"குறை ஒண்ணுமில்ல. எல்லாரும் படியேறி இறங்கற சத்தம் கேக்குது. எனக்கும் நாலு எட்டு நடக்கணும் போல இருக்கு."

மூன்று நாள் வழக்கம்போலப் பூசினாள். அவர் மறுபடி கேட்கவில்லை. நான்காம் நாள் புட்டியை மூடி அலமாரிக்குள் வைத்தாள்.

காய இருபத்தாறு நாள் ஆனது. அன்று இருமிக்கொண்டே எழுந்தார். அவள் தோளைப் பிடித்தபடி படியிறங்கித் தெருமுனை வரை போனார். அங்கிருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னாள். மாட்டேன் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். நாலு நாள் படுத்திருந்து, ஐந்தாம் நாள் மதியம் போய்விட்டார்.

சான்றிதழ் எழுத வந்த மருத்துவர், "எத்தனை நாளா படுக்கையில இருந்தார்?" என்று கேட்டார்.

"நாலு நாள்."

"அதுக்கு முன்னாடி?"

"உக்காந்திருந்தார்" என்றாள்.

அவர் அதையே எழுதிக்கொண்டார்.