மேற்குச் சுவருக்குப் பின்னால்

ஞானவேல் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. வேலுத்தாய்க்கு அவர்மேல் கடைசிவரை ஆறாமல் இருந்த கோபம் அதனால்தான். அவர் ஒருமுறை கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். இரண்டு பேரும் ஒழுங்கான சண்டைக்காரர்கள் ஆகியிருப்பார்கள். அவரோ, "சொல்லுங்கக்கா" என்று தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

அறுபத்தொன்றாம் வருஷம் மலை ரயில் திட்ட ஆபீஸ் அவரை மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்துக்கு அனுப்பியது. பழனிக்காரர். கீழேயிருந்து வரும் ரயில் கடைசி மலையைக் குடைந்துகொண்டு வந்து வேலுத்தாயின் தெருவுக்கு அடியில் நிற்குமாம். மேலே சமதரை கிடையாது என்பதால் ஸ்டேஷனே மண்ணுக்குள். முதலில் சரிவில் ஒரு சோதனைக் குழி தோண்ட வேண்டும். சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்களோடு பேசிப் பழகி, அவர்கள் மனம் கோணாமல் வேலை நடக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் ஞானவேலின் உத்தியோகம்.

வாரம் ஒரு கூட்டம், மாரியம்மன் கோயில் கொட்டகையில். டீயும் வர்க்கி பிஸ்கட்டும் உண்டு. முதல் கூட்டத்தில் பெரிய வர்ணப் படம் ஒன்றை மூங்கில் தூணில் மாட்டினார். அகலமான படிக்கட்டு பூமிக்குள் இறங்கியது. தங்க நிறத்தில் விளக்குகள், ஒரு கடிகாரம், நீளமான கோட்டு போட்டுக்கொண்டு யாருக்காகவோ காத்திருக்கும் பெண்கள். எங்கோ பனி கொட்டுகிற ஊரில் வரைந்த படம்போல் இருந்தது. வேலுத்தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்களின் பக்கத்தில் தன் பூண்டு மூட்டையோடு தானும் நிற்பதாக ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். அது நன்றாகத்தான் இருந்தது.

அவள் கொழுந்தன் செல்லப்பாண்டிதான் வாயைத் திறந்தான். "இம்புட்டு ஒசரம் ஏறி வர்றது குழிக்குள்ள எறங்கவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் ஞானவேல். அடுத்த வாரத்துக்குள் அவருக்குத் தெருவில் அத்தனை பேரின் பெயரும் தெரிந்திருந்தது. யார் வீட்டு மாடு சினை, யார் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதுகூடத் தெரிந்திருந்தது.

கார்த்திகையில் அவர் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். மண்ணுக்கு அடியில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று ஊராருக்குத் தெரியாமல் இருக்காது, காட்டிக் கொடுத்தால் வேலைக்கு உதவியாக இருக்கும் என்றார். தெருவின் ஊற்றுக்கண் சோலைக்குள் ஒரு பலகைக்கல்லுக்கு அடியில் இருந்தது. வெளியாள் கண்ணில் பட்டால் ஏதாவது பங்களாவுக்குக் குழாய் போட்டுவிடுவான் என்று கல்லின்மேல் பெரணித் தழையைக் குவித்து வைத்திருப்பார்கள். அதன் கசிவில்தான் தெரு குடித்தது, கீழே வேலுத்தாயின் பூண்டு வயலும் குடித்தது. புருஷன் செத்த பிறகு அவளுக்கு இருந்தது அந்த வயல் ஒன்றுதான்.

வெளியாளுக்கு ஊற்றைக் காட்ட நேர்ந்தால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. காட்டுகிறவரே கல்லை நகர்த்தி, வந்தவரை ஒரு கை அள்ளிக் குடிக்கச் சொல்வார். குடித்த ஆள் அந்த ஊற்றைக் கெடுப்பதில்லை. யாரும் சத்தியம் கேட்பதில்லை. குடித்ததே சத்தியம். அப்படித்தான் அந்த மலையில் எப்போதும் நடந்திருக்கிறது.

வேலுத்தாய்தான் அவரைக் கூட்டிப்போனாள். நல்ல மனுசன், தெரிந்துகொண்டால் ஒதுங்கித் தோண்டுவார் என்று அவள்தான் மற்றவர்களிடம் சொன்னாள். ஞானவேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குனிந்து ஒரு கை குடித்தார். இன்னொரு கை அள்ளி மூக்குக் கண்ணாடியைக் கழுவினார். "கல்கண்டு மாதிரி இருக்குங்கக்கா" என்றார். போகும்போது கல்லுக்குப் பக்கத்தில் சின்னச் சிவப்புக் கொடி ஒன்றை நட்டார். யாரும் மிதித்துவிடக் கூடாது என்று வைக்கிறார் என அவள் நினைத்துக்கொண்டாள்.

பங்குனியில், பூண்டு கிழங்கு வைக்கும் நேரத்தில், கொடி இருந்த இடத்தில் பள்ளம் பறித்து டீசல் பம்ப்செட் ஒன்றை இறக்கினார்கள். தண்ணீரை முதலிலேயே உறிஞ்சி சரிவின் மறுபக்கத்து ஓடையில் கொட்டிவிட்டால் பெரிய குழி காய்ந்து கிடக்குமாம். தண்ணீர்தான் சுரங்க வேலைக்கு எதிரி என்று சூப்பர்வைசர் அவளுக்கு விளக்கினான். வயலுக்கு வரும் வாய்க்கால் இரண்டு நாள் சேறாகக் கிடந்தது, பிறகு வெடித்தது.

அவள் ஓடிப்போய் ஞானவேலின் முன்னால் நின்றாள். "குடிச்சீங்கள்ல?" என்றாள். அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்ன பிறகும் அவர் முகத்தில் அதே மரியாதைதான் இருந்தது. தண்ணி லாரிக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். ஸ்டேஷன் கட்டி முடித்ததும் ஊற்றின் நினைவாக உள்ளே ஒரு சலவைக்கல் குழாய் வைக்கச் சொல்வதாகவும் சொன்னார்.

அன்றைக்கே அவளும் தெருப் பெண்கள் நாலைந்து பேரும் பம்ப்பின் குழாயை ஓடையிலிருந்து இழுத்து வயல் பக்கம் திருப்பினார்கள். ஞானவேல் வேர்க்க விறுவிறுக்க வந்து, இதற்கெல்லாம் மேலிடத்தில் பெர்மிஷன் வாங்க வேண்டும் என்றார்.

"நீங்க ஊத்தக் கேட்டப்ப நான் யாருகிட்ட பெர்மிஷன் வாங்கினேன்?"

அவர் திரும்பிப் போய்விட்டார். குழாயை யாரும் திருப்பிப் பிடுங்கவில்லை. ஆனால் அதில் வந்தது பழைய தண்ணீர் இல்லை. டீசல் மிதந்தது, பாறைப் பொடி சாம்பல் நிறத்தில் படிந்தது. ஒரு வாரத்தில் பூண்டுத் தாள் நுனியிலிருந்து மஞ்சளானது. அவள் ஒன்றைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். பூண்டு வாசனைகூட இல்லை. அதைக் கொண்டுபோய் அடுத்த கூட்டத்தில் அவருடைய டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். கவனத்தில் வைத்துக்கொள்வதாக அவர் சொன்னார்.

அதே கூட்டத்தில்தான் கேட்டார். குழியை மேற்கே அகலப்படுத்தப் போகிறார்கள், அந்தப் பக்கம் தண்ணீர் உண்டா?

கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில், குழிக்கு மேற்கே இருந்த வேலுத்தாய் வீட்டின் அடுப்படித் தரையில் காதை வைத்தால், பாறைக்குள் பெரிய மிருகம் ஒன்று புரண்டு படுப்பதுபோலத் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். கோடையில் சத்தம் அடங்கும், தண்ணீர் அங்கேயேதான் இருக்கும். செல்லப்பாண்டி வாயைத் திறக்கப் போனான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் வர்க்கியைக் கடித்தான்.

"நாங்க என்னத்தக் கண்டோம்? நீங்க படிச்சவங்க" என்றாள்.

ஞானவேல் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். சிரித்தார்.

குழியின் மேற்குச் சுவரில் வேட்டு வைக்கும் நாள் வந்தது. அன்று அவள் வெள்ளனே எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வரட்டும் என்று இருந்தது. அவர்களுடைய கொடியும் பம்ப்செட்டும் படிக்கட்டும் கடிகாரமும் முங்கிப்போகட்டும். நினைக்க நினைக்க நெஞ்சு சூடாகி, அந்தக் குளிரில் போர்வை வேண்டாமல் இருந்தது.

குழியில் கல் சுமக்கும் வடிவு வழக்கம்போல வந்து, வேலுத்தாயின் பேரிக்காய் மரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டாள். வடிவும் அவள் புருஷன் பொன்னுச்சாமியும் பண்ணைக்காட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். வேலுத்தாய் அவர்களோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை. தூளியை மட்டும் வேண்டாமென்று சொன்னதில்லை. வடிவு கூடையை எடுத்துக்கொண்டு, அழுதால் கொஞ்சம் ஆட்டிவிடும்படி கேட்டுவிட்டு நடந்தாள். வேட்டு வெடித்ததும் முதலில் இறங்கிக் கல் பொறுக்குவது பெண்கள்தான்.

வேலுத்தாய்க்கு இப்போது தன்மேலேயே கோபம் வந்தது. இந்தக் கோபத்தையாவது முழுசாக வைத்துக்கொள்ள விட்டார்களா?

"ஏய், இங்க வா" என்று கூப்பிட்டாள். "இன்னைக்கு எறங்காத. மேக்குச் சுவத்துக்குப் பின்னால தண்ணி கெடக்கு. ஒம் புருசன்கிட்டயும் சொல்லு. மத்தவுககிட்டயும் சொல்லு. வெரசாப் போ."

வேட்டு வெடித்தது. புகை அடங்கியது. சுவர் அப்படியே நின்றது. சூப்பர்வைசர் இறங்கச் சொன்னான். ஆட்கள் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவன் கூலி கிடையாது என்று கத்தினான். ஞானவேல் வந்து இதமாகப் பேசினார். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க. சாமிக்கு ஆகாத நாளு" என்றான் பொன்னுச்சாமி.

அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல ஆரம்பித்தபோது கீழே ஏதோ முறிந்தது. சுவர் நடுவில் வயிறுபோல் உப்பி உடைந்தது. தண்ணீர் கறுப்பாக, பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. ஏணியும் தள்ளுவண்டியும் தண்டவாளத் துண்டுகளும் சுற்றிச் சுற்றி மறைந்தன. அந்தத் தண்ணீருக்கு எந்தப் பம்ப்செட்டும் ஈடுகொடுக்கவில்லை. சில வாரங்கள் போராடிவிட்டு ஆபீஸ் மூட்டை கட்டியது. படமும் போயிற்று.

ஊற்று திரும்பவில்லை. பூண்டு செத்தது செத்ததுதான். தெரு இப்போது குழியின் விளிம்பில் கப்பி மாட்டி, ஸ்டேஷனிலிருந்து வாளியால் இறைத்துக் குடித்தது. வயலுக்கு வேலுத்தாய் குடம் குடமாகச் சுமந்தாள்.

ஊரைவிட்டுப் போகிற அன்று ஞானவேல் விடைபெற்றுக்கொள்ள வந்தார். அவள் இறைத்துக்கொண்டிருந்தாள். அவர் குழியை எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இந்தத் தண்ணி இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமேங்க. ஆளுக உள்ள இருந்திருந்தா?"

"ஆளுகளுக்குச் சொன்னேன். உங்களுக்குத்தான் சொல்லல."

அவர் முகம் முதல்முறையாகக் கறுத்தது. சரிவேறி வந்ததில் தொண்டை வறண்டிருந்தது. அன்று ஊற்றில் குனிந்ததுபோலவே குனிந்து, குடிக்கக் கையைக் குவித்து நீட்டினார்.

வேலுத்தாய் அந்தக் கையைப் பார்த்தாள். வாளியைத் தூக்கித் தன் குடத்தில் முழுவதையும் ஊற்றினாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பின்னால் நின்ற செல்லப்பாண்டியிடம் கயிற்றைக் கொடுத்தாள்.

"ஏலே, பாத்து எற. தண்ணி நம்ம தண்ணி."