சோதனைக்கு ஒரு முதுகு

புவனேந்திரனுக்கு உடம்பில் எங்கே தொட்டாலும் கூசும். சட்டை தைக்கக் கொடுக்கப்போனால், அளவு நாடா விலாவில் படமுன்னரே நெளியத் தொடங்கிவிடுவான். அப்பேர்ப்பட்டவனுக்கு மசாஜ் படிக்கிற மனுசி வாய்த்ததைச் சொல்லிச் சொல்லி ஜெர்மனியில் டோர்ட்மண்ட் நகரத்தில் அவனுடைய கூட்டாளிகள் சிரித்தார்கள்.

மனைவி மங்கையற்கரசி மசாஜ் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது எண்பத்தாறில், இருவருக்கும் அகதி அந்தஸ்துக் கிடைத்த கையோடு. இப்போது எண்பத்தெட்டு வைகாசி. அரச சோதனைக்கு ஆறு கிழமைதான் இருந்தது. எழுத்துச் சோதனையை எப்படியும் தாண்டிவிடுவாள். பயமெல்லாம் செய்முறைச் சோதனைக்குத்தான். படுக்கிறதுக்கு ஆளை மாணவரே கூட்டிக்கொண்டு போகவேண்டும். கை ஒரு பக்கம் வேலை செய்ய, பரிசோதகர் கேட்கிற கேள்விக்கெல்லாம் வாய் ஜெர்மனில் பதில் சொல்லவேண்டும்.

புவனேந்திரன் இத்தாலிய உணவகம் ஒன்றில் சட்டி பானை கழுவினான். திங்கட்கிழமை அங்கே விடுமுறை. அன்று மத்தியானம் அவள் வகுப்பால் வந்ததும் மெத்தையை நிலத்தில் போட்டு அவனைக் குப்புறப் படுக்கவைப்பாள்.

"இஞ்சருங்கோ, நெளியாமல் கிடவுங்கோ. இது முதுகோ, மண்புழுவோ?"

"நான் என்ன செய்ய? நீர் விரல் நுனியால தொடுறீர். எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். விரல்களை எடுத்துவிட்டு, உள்ளங்கை முழுவதையும் ஒன்றாக வைத்து மெல்ல அழுத்தினாள்.

"இப்ப?"

"இப்ப பரவாயில்லை. பொறுக்க ஏலும்."

அன்றிலிருந்து அவள் யாரைத் தொட்டாலும் முதலில் உள்ளங்கைதான்.

கை போகிற இடத்துத் தசையின் பெயரை அவள் சத்தமாகச் சொல்லுவாள். தலையணையில் கன்னத்தைப் புதைத்தபடி அவனும் திருப்பிச் சொல்லுவான். தோளில் ட்ரப்பேசியுஸ், கெண்டைக்காலில் காஸ்ட்ரோக்னேமியுஸ். ஒரு மாதத்துக்குள் அவனுக்கே எல்லாம் பாடமாகிவிட்டது. சட்டி தேய்க்கும்போதும் வாய் தானாக முணுமுணுத்தது. எந்தப் புனிதரைக் கும்பிடுகிறாய் என்று சமையற்காரன் ஒருநாள் கேட்டான்.

பாடம் அவளுக்குத் தெரியாமலில்லை. பதில் நெஞ்சுக்குள் நின்றுகொண்டு வாய்க்கு வர மறுத்தது. ஒரு திங்கட்கிழமை புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"என்னால ஏலாதப்பா. மற்றதெல்லாம் இருவது வயசுப் பிள்ளையள். அவையள் பிறந்து கதைச்ச பாஷை. நான் ஒரு சொல்லைத் தேடி எடுக்கிறதுக்குள்ள அவையள் ஒரு பக்கமே சொல்லி முடிச்சிடுவினம்."

புவனேந்திரன் இடது தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

"சரி, படிக்கவேண்டாம். சட்டி தூக்கித் தோள் சுளுக்கிப் போச்சு. அதை மட்டும் ஒருக்காப் பாரும்."

தோளில் ஒன்றுமில்லை என்பது கை வைத்ததுமே அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் அதைச் சொல்லவில்லை. அவன் படுத்துக்கொண்டே பரிசோதகரைப்போலத் தொண்டையைச் செருமி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேள்வி கேட்டான். அவள் சிரித்துச் சிரித்து அத்தனைக்கும் பதில் சொன்னாள்.

சோதனை நாளன்று, மண்டபத்துக்குள் போன பிறகுதான் தலைமைப் பரிசோதகரான டொக்டர் ஒரு விஷயத்தை அறிவித்தார். கூட்டிவந்த ஆட்களைச் சீட்டுப் போட்டு மாற்றப்போகிறார்கள். பழகின உடம்பில் சோதனை இல்லை. மங்கை புவனேந்திரனைத் திரும்பிப் பார்த்தாள். புவனேந்திரன், அவளோடு படிக்கிற பீலிக்ஸ் என்ற பெடியனுக்குப் போனான். பீலிக்ஸின் பெரியம்மா லிண்ட்னர், எழுபது வயது இருக்கும், மங்கைக்கு வந்தாள். நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும்.

பீலிக்ஸின் விரல் பட்டதும் புவனேந்திரனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு காதைத் திரைப்பக்கம் வைத்தான். மங்கை முதுகைப் பற்றித் தடுமாறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்தது கால்.

"நீங்கள் தொடப்போகும் தசையின் பெயர் என்ன?" என்று டொக்டர் கேட்டார்.

சத்தமில்லை.

காஸ்ட்ரோக்னேமியுஸ். அவனுடைய நாக்கு நுனியில் அது துடித்தது. வாயைத் திறந்தால் அவளுடைய இரண்டு வருடமும் போய்விடும். தலைமாட்டில் கிடந்த, எண்ணெய் துடைக்கிற துவாயை எடுத்துக் கடித்தான். சுவர் மணிக்கூடு அவனுடைய காதுக்குள்ளேயே ஓடுவதுபோல் இருந்தது.

பிறகு அவளுடைய குரல் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"இந்தக் காலை நான் மசாஜ் செய்யமாட்டேன்."

"ஏன்?"

"வலது காலைவிட இது வீங்கியிருக்கிறது. உள்ளங்கைக்குச் சுடுகிறது. தொட்டால் முகத்தைச் சுளிக்கிறார். உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். நான் அழுத்தினால் அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போய்விடும்."

"அது பஸ்ஸில் கனநேரம் இருந்ததால் வந்த வீக்கம், பிள்ளை," என்றாள் லிண்ட்னர். "எனக்காக உன்னுடைய சோதனையைக் கெடுத்துக்கொள்ளாதே. செய்."

"இல்லை அம்மா. முதலில் டொக்டர் பார்க்கட்டும்."

டொக்டர் குனிந்து பார்த்தார் போலும். அவர் இருந்த கதிரை நகர்ந்தது. அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள் என்ற குரல் கேட்டதும் பீலிக்ஸ் திரையை விலக்கிக்கொண்டு ஓடினான். பெரியம்மாவோடு அவனும் போக, அவனுடைய சோதனை அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது. மங்கைக்கு வேறொருவரின் காலைக் கொடுத்து மிச்சத்தை முடிக்கச் சொன்னார்கள்.

பின்னேரம் முடிவு சொன்னபோது அவள் பாஸ். செய்முறையில் வகுப்பிலேயே ஆகக்கூடின புள்ளி. ஆஸ்பத்திரியிலிருந்து பீலிக்ஸ் பள்ளிக்கூடத்துக்கு ரெலிபோன் எடுத்திருந்தான். கட்டி இருந்தது உண்மைதான், பெரியம்மாவுக்கு இனிப் பயமில்லையாம்.

ட்ராமில் ஜன்னலோரம் அவளை இருத்திவிட்டுப் புவனேந்திரன் பக்கத்தில் இருந்தான்.

"உமக்குப் பேர் மறந்துபோச்செண்டு நினைச்சன் மங்கை. நான் சொல்லிப்போடுவன் எண்ட பயத்தில துவாயைக் கடிச்சுக்கொண்டு கிடந்தன்."

"பேர் உண்மையாவே மறந்துதான் போச்சுது," என்றாள் அவள். "கால் சுட்டதோட எல்லாம் பறந்திட்டுது. நல்லகாலம், அவர் பிறகு அதைக் கேக்கேல்லை."

இருவரும் சிரித்தார்கள். அடுத்த தரிப்பு வரமுன்னம் அவள் அவனுடைய தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். அவர்கள் இறங்கவேண்டிய இடம் வந்தது. அவளை எழுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. கதவு திறந்து மூடியது.

கடைசித் தரிப்பில் சாரதி எழுந்து வந்தார்.

"இங்கே எல்லோரும் இறங்கவேண்டும்."

"என் மனைவி இன்று அரச சோதனையில் பாஸ் செய்துவிட்டாள்," என்று புவனேந்திரன் தணிந்த குரலில் சொன்னான். "இப்போதுதான் கண்ணயர்ந்தாள்."

சாரதி அவளைப் பார்த்தார். என்ன சோதனை என்றுகூடக் கேட்கவில்லை. ஓசைப்படாமல் ட்ராமின் மற்ற முனையிலிருந்த சாரதி இருக்கைக்கு நடந்துபோனார். கொஞ்ச நேரத்தில் வண்டி வந்த வழியே திரும்பியது.