ஊமத்தையின் நாலாவது ஆள்

யாழ்ப்பாணத்து உடுவிலில் ஒரு சைக்கடெலிக் றொக் இசைக்குழு இருக்கிறது என்றால் யார் நம்புவார்கள்? ஆரணியின் அப்பா பஞ்சலிங்கமே நம்பவில்லை. இவ்வளவுக்கும் அவர்கள் முழக்குவது அவர் வாடகைக்கு விடும் ஒலிபெருக்கிகளில்தான்.

குழுவின் பெயர் ஊமத்தை. கிற்றார் ஆரணி, பேஸ் கஜானன், டிரம்ஸ் சுபாங்கன். கைவசம் ஒரேயொரு பாட்டு. அது மெல்ல ஊர்ந்து, சுழன்று, கேட்பவருக்குத் தலை கிறுகிறுக்கும்வரை நீளும். அதை ஒருமுறையாவது மேடையில் முழுதாக வாசித்துவிட வேண்டும் என்று ஆரணி தவியாய்த் தவித்தாள். எங்கே விட்டார்கள்! கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பகுதி முகம் சுளித்ததும் அப்பா பிளக்கைப் பிடுங்கினார். நெல்லியடியில் ஒரு விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டக்காரர் பாதை மாறி ஓடியதும் பிடுங்கினார். குழுவின் வரலாறே அவ்வளவுதான்.

இந்தமுறை அம்மன் கோயில் திருவிழா. வரவேண்டிய பாட்டுக்குழுவின் வான் வழியில் பழுதாகிவிட்டது. பஞ்சலிங்கம் வேண்டாவெறுப்பாக மகளிடம் வந்தார்.

"அவையள் வாற மட்டும் ஏதாவது வாசியுங்கோ. சனம் எழும்பினால் பிடுங்கிப்போடுவன்."

பாட்டு சுழலத் தொடங்கியதும் சனம் நெளிந்தது. அப்பாவின் கை பிளக்குக்குப் போனது. ஆரணிக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து, முன்னால் இருந்த அப்பாவின் அக்கா ஞானாம்பிகை மாமி கூந்தல் அவிழ எழுந்து ஆடத் தொடங்கினார். அம்மன் இறங்கிக் கலை வந்துவிட்டது.

"நிப்பாட்டாதை! அம்மாள் ஆடுறா!" என்று பூசகர் கத்தினார்.

அம்மாள் ஆடும்போது வாத்தியத்தை நிறுத்த யாருக்குத் துணிவு வரும்? பஞ்சலிங்கம் பிளக்கை விட்டுவிட்டுக் கும்பிட்டார். ஊமத்தை இதுவரை எட்டாத இடமெல்லாம் போய்வந்தது. ஆரணி பூரித்துப்போனாள்.

மாமி திருநீறு வாங்கி அமர்ந்தார். பாட்டு அமரவில்லை.

"பாட்டை முடியடி!" கஜானன் பல்லைக் கடித்தான்.

"எப்பிடி?"

வீட்டில் பழகும்போதும் அப்பா பிடுங்கிவிடுவார். ஆகவே பாட்டுக்கு ஒரு முடிவு வேண்டுமென்று அவர்கள் யோசித்ததேயில்லை. சுற்றிச் சுற்றி வாசித்தார்கள். சுபாங்கனின் கை சோர்ந்தது. ஆரணி பரிதாபமாக அப்பாவைப் பார்த்தாள்.

அவர் மேடையோரம் குந்தியிருந்தார். வாழ்க்கையில் முதல்தடவையாகக் கேட்டார்.

"பிள்ளை, பிடுங்கட்டோ?"

"ஓம் அப்பா!"

பிடுங்கினார். சுபாங்கன் குச்சிகளைப் போட்டான். திகைத்த சனம் பிறகு கைதட்டித் தீர்த்தது.

இப்போது ஊர் ஊராக அழைப்பு வருகிறது. கிற்றார் ஆரணி, பேஸ் கஜானன், டிரம்ஸ் சுபாங்கன், பிளக் பஞ்சலிங்கம் என்று நோட்டீசில் போடுகிறார்கள். தன் பெயர் ஏன் கடைசியில் என்று அவருக்குத்தான் ஒரே மனக்குறை.