குறுக்குக் கீறல்

“அப்போ குண்டுப் பொண்ணுக்கு ஒல்லி மாப்பிள்ளையாத் தேடுறேன்னு சொல்லு.”

“கிட்டத்தட்ட அதேதான் அக்கா. சின்ன முனை கனமா இருக்கிற ராடுக்கு லேசான பிஸ்டன். லேசான ராடுக்குக் கனமான பிஸ்டன். இப்படி ஜோடி சேர்த்துட்டா நாலும் ஒரே எடைக்குப் பக்கத்துல வந்துடும். மிச்சத்தை மட்டும் தேய்ச்சு எடுத்தாப் போதும்.”

“கல்யாணத் தரகர் தோத்தாரு போ.”

அவள் சிரித்தாள். இரண்டு வருடமாக அந்தப் பட்டறை கேட்காத சிரிப்பு அது. தம்பிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை.

பந்தயக் கார்களுக்கு எஞ்சின் கட்டுகிறவன் அவன். தெருவில் தராசு என்று சொன்னால்தான் அவனைத் தெரியும். சின்ன வயதில் ஒரே ஒரு பிஸ்கட்டை அக்காவோடு பங்கு போட வேண்டி வந்தால், உதிர்ந்த தூளைக்கூட இரண்டாகப் பிரிப்பானாம். இப்போதும் எடை பார்க்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவான். காற்றுப் பட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசின் எண்கள் ஆடும். அதனால் அந்த மதிய நேரத்தில் இரண்டு பேரும் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்கள். அக்கா தன் கணவரின் பழைய வேலை உடுப்பைப் போட்டிருந்தாள். கைகளை மூன்று மடிப்பு மடித்தும் அது அவளுக்குப் பெரிதாகவே இருந்தது.

மேசைமேல் நீள வீச்சுக் கிராங்க், பிஸ்டன்கள் சேர்ந்து சுழற்றும் தண்டு, கிடந்தது. அக்கா கேட்டு வரவழைத்தது. அதைப் போட்டால் பிஸ்டன் வழக்கத்தைவிட உயரப் போய், வழக்கத்தைவிட ஆழ இறங்கும். பழைய பிஸ்டனையே மாட்டினால் உச்சிக்கு வரும்போது பிளாக்குக்கு வெளியே தலையை நீட்டி ஹெட்டில் இடித்துவிடும். ஆகவே ராடைப் பூட்டும் பின்னுக்கான துளை மேலே ஏறிய குட்டைப் பிஸ்டன்கள் புதிதாக நாலு. அவற்றைக் கிராங்கோடு இணைக்கும் ராடுகள் புதிதாக நாலு. ஒரு ராடு எவ்வளவு இழுபடும் என்று அவனுக்குத் தெரியும். வீச்சு நீளமாக ஆக பிஸ்டன் வேகமாக ஓடும். ராடை இன்னும் மூர்க்கமாக இழுக்கும்.

“பதினெட்டாம் தேதி மலைப்பாதையைத் திறக்கிறாங்க,” என்றாள் அக்கா. ஒரு ராடின் சின்ன முனையை நூலில் தொங்கவிட்டு, பெரிய முனையைத் தராசில் வைத்து, எண் நிற்கக் காத்திருந்தாள். “அந்த வளைவுக்கு நான் மூணாவது கியர்லதான் இறங்கப் போறேன்.”

“பைத்தியமா உனக்கு?”

“எஞ்சின் தாங்குச்சுன்னா, நான் அன்னைக்குச் சொன்னதால அவரு சாகலை. தாங்கலைன்னா...”

“தாங்கலைன்னா?”

“தெரிஞ்சுடும்ல.”

இவ்வளவு நாளும் அவள் ஓட்ட ஆசைப்படுகிறாள் என்று மட்டுமே அவன் நினைத்திருந்தான். அத்தான் ஓட்டுவார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு நோட்டைப் படிப்பாள். அடுத்த வளைவு எந்தப் பக்கம், எந்த கியர் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் கை மாற்றிக்கொண்டே போகும். அந்த வளைவுக்கு ‘நாலு’ என்று சொல்ல வேண்டியவள் ‘மூணு’ என்றுவிட்டாள். அந்த வேகத்தில் சின்ன கியர் விழுந்ததும் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுழன்று அலறியது. ராடு ஒன்று உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. எண்ணெய் டயரில் கொட்டியது. கார் பாதையில் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில் அவளே மாமியாரிடம் சொன்னாள், நான்தான் தப்பாச் சொன்னேன் என்று. அன்றிலிருந்து அந்த அம்மாள் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. மருமகளுக்குச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

“மூணாம் நம்பர்தான் கனம்,” என்றாள் அக்கா. “ரெண்டு கிராம் கூட. குடு, நானே எடுக்கிறேன்.”

அவன் ஏதோ சொல்வதற்குள் கிரைண்டர் சுழல ஆரம்பித்துவிட்டது. அவள் ராடை இரண்டு கையாலும் பிடித்து, அதன் நடுத்தண்டைக் கல்லுக்குக் குறுக்காகக் கொண்டுபோனாள்.

“குறுக்க தேய்க்காதே!”

அப்படி ஒரு கத்தல் தன் தொண்டையில் இருந்தது அவனுக்கே தெரியாது. பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தான். கல் மெல்லச் சுற்றி நின்றது.

“ஏன்டா இப்படிக் கத்துறே? நெஞ்சு நின்னுடுச்சு எனக்கு.”

“நீளவாக்குலதான் தேய்க்கணும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் விரிசல் அங்கேதான் பிடிக்கும். ராடை ஒவ்வொரு சுற்றுக்கும் இழுத்து இழுத்து...” அவன் நிறுத்திக்கொண்டான்.

அக்கா கையிலிருந்த ராடைப் பார்த்தாள். பிறகு கிரைண்டரை. பிறகு அவனை. அவள் அவசரப்படவில்லை.

“அன்னைக்கு நான்தான் உனக்கு விளக்குப் பிடிச்சேன்,” என்றாள். “பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்னாடி. கடைசி ராடு. ரெண்டு கிராம் எடுத்தா முடிஞ்சதுன்னு சொன்னே. நீ எப்படித் தேய்ச்சே?”

அவன் கிரைண்டரின் வயரைப் பிடுங்கினான்.

“தராசு. உன்னைத்தான் கேட்கிறேன்.”

படிக்கற்கள் வைத்திருக்கும் இழுப்பறையைத் திறந்தான். அடியில், எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலம். இரண்டு துண்டாகப் போன ராடை எடுத்து அவள் முன்னால் வைத்து, லென்ஸையும் பக்கத்தில் வைத்தான்.

“ஓரத்தைப் பாரு. மத்த இடமெல்லாம் சொரசொரன்னு பளபளப்பா இருக்கு, அது அன்னைக்கு உடைஞ்சது. இந்த மூலை மட்டும் மங்கி வழவழன்னு இருக்கு. இது ஏற்கெனவே விரிஞ்சிருந்த இடம். என் கீறல்ல இருந்து கிளம்பியிருக்கு. அவசரத்துல குறுக்கதான் தேய்ச்சேன். கடைசியில மெருகு போட்டுக் கீறலை அழிச்சுடலாம்னு நினைச்சேன். எடை சரியா வந்துச்சா, அந்தச் சந்தோஷத்துல மறந்துட்டேன்.”

அக்கா குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். கழுத்தில் இறங்கிய வியர்வையைத் துடைக்கவில்லை.

“நான் நாலுன்னு சொல்லியிருந்தா?”

“அந்த வளைவைத் தாண்டியிருக்கும். அதுக்கு அடுத்ததுல போயிருக்கும். இல்லைன்னா அதுக்கும் அடுத்ததுல. அந்த ராடு ஊர் போய்ச் சேர்ற ராடு இல்லை அக்கா.”

“எப்போ பார்த்தே இதை?”

“அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள்.”

அவள் இரண்டு துண்டுகளையும் எடுத்துத் தராசில் வைத்தாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். எண் ஆடி, தயங்கி, நின்றது. சுவரில் அவன் ஒட்டியிருந்த பழைய சீட்டில் அந்த எஞ்சினின் நாலு ராடுகளுக்கும் எழுதியிருந்த ஒரே எடையோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“அரை கிராம்தான் குறையுது,” என்றாள். “எடையெல்லாம் நல்லாத்தான் பார்த்திருக்கே.”

கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அழுதிருந்தால்கூட. அவள் இரண்டையும் செய்யவில்லை. மேசைமேலிருந்த புது ராடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றின் பெட்டிக்குள் வைத்தாள். மூன்றாவதை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கல் படவில்லை என்று உறுதி செய்துகொண்டு வைத்தாள். உடைந்த துண்டுகளை அதே துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டாள். இரும்பு ஷட்டரை ஒரு கையால் தூக்கினாள். வெயில் தரையில் பாய் விரித்ததுபோல் விழுந்தது.

வாசலில் நின்று திரும்பினாள்.

“அத்தை இந்நேரம் மதியத் தூக்கம் முடிஞ்சு முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பாங்க. இதை நான் கொண்டுபோய்க் காட்டினா, தப்பிக்கிறதுக்குக் கதை கட்டுறேன்னு நினைப்பாங்க. நீ வாடா. நீயே வந்து, உன் வாயால அவங்ககிட்டச் சொல்லு.”